கம்பம் யாருடையது?

சியாட்டலில் வேலை பார்க்கும் நம்மூர்க்காரர்கள், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் கூட்டிப்போகும் இடங்களில் பயனியர் சதுக்கமும் ஒன்று. அங்கே ஒரு டோட்டம் கம்பம் நிற்கிறது. உச்சியில் அலகில் நிலவைக் கவ்விய அண்டங்காக்கை. கீழே தவளைக் குழந்தையை ஏந்திய பெண், அப்புறம் தவளை, இன்னொரு காக்கை, வாயில் கடல்நாயைக் கவ்விய திமிங்கிலம் என்று உருவத்தின் மேல் உருவமாக அடுக்கியிருக்கும். அதன்முன் நின்று படம் எடுத்து, ‘சியாட்டலின் பழங்குடிக் கலை’ என்று குடும்பக் குழுவில் போட்டுவிடுவோம்.

சியாட்டல் பக்கத்துப் பூர்வகுடிகளான டுவாமிஷ், சுகுவாமிஷ் மக்களுக்கு இப்படிக் கம்பம் நடும் வழக்கமே கிடையாது. இது சுமார் ஆயிரம் கிலோமீட்டர் வடக்கே, அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையில் வாழும் டிலிங்கிட் மக்களுடையது. 1899இல் சியாட்டல் வணிகப் பிரமுகர்கள் சிலர் கப்பலில் அலாஸ்காவுக்கு உல்லாசப் பயணம் போனார்கள். டாங்காஸ் என்ற கிராமத்தில் கப்பல் நின்றபோது ஊரில் அநேகமாக ஆளில்லை. மீன்பிடிக் காலம், வேலைக்குப் போயிருந்தார்கள். கரையோரம் நின்ற கம்பங்களில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வெட்டிச் சாய்த்து, தூக்க வசதியாக இரண்டாக அறுத்து, கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். அக்டோபரில் சதுக்கத்தில் கோலாகலமாகத் திறப்பு விழா நடந்தது.

அது காக்கைப் பிரிவைச் சேர்ந்த ஒரு குலத்தின் கம்பம். நாஸ் ஆற்றில் மூழ்கி இறந்துபோன ஒரு பெண்ணின் நினைவாக நட்டது. அந்தக் குலம் 20,000 டாலர் கேட்டது, 500 டாலரோடு விஷயம் முடிக்கப்பட்டது. 1938இல் யாரோ தீ வைத்ததில் கம்பம் சேதமாகிவிட, அதே மாதிரி ஒன்றை டிலிங்கிட் செதுக்குநர்களே செதுக்கிக் கொடுத்து, 1940இல் நட்டார்கள். இப்போது நாம் படம் எடுப்பது அந்த இரண்டாவது கம்பத்தை.

இந்தக் கதையைப் படித்த பிறகுதான் டிலிங்கிட் மரவேலை பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அலாஸ்காவுக்கும் போய்ப் பார்த்தேன். ஒரு செதுக்கலைப் பார்த்தால் எவ்வளவு பழசு, யார் செதுக்கியது, என்ன விலை போகும் என்றுதான் நமக்குக் கேட்கத் தோன்றும். அவர்கள் முதலில் கேட்பது, இது யாருடையது என்று. கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் அந்த மக்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் நீதிமன்றங்களுக்கும் இடையே நடந்ததில் பெரும்பகுதி இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும்.

டிலிங்கிட் சமூகம் இரண்டு பிரிவு. ஒன்று காக்கை, இன்னொன்று கழுகு (சில ஊர்களில் ஓநாய் என்பார்கள்). ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் பல குலங்கள், குலத்துக்குள் வீடுகள். பிள்ளைகள் தாயின் குலம். சொந்தப் பிரிவுக்குள் கல்யாணம் கிடையாது, எதிர்ப்பிரிவில்தான் எடுக்கவும் கொடுக்கவும் வேண்டும். பையனை வளர்த்து ஆளாக்குவது தாய்மாமன் பொறுப்பு, சொத்தும் பட்டமும் மாமனிடமிருந்து மருமகனுக்கு வரும். பங்காளி யார், மாமன் மச்சான் யார் என்று மனிதர்களைப் பிரித்துப் பார்த்தே வளர்ந்த நமக்கு இது மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடிபடும். ஆனால் அவர்கள் பங்காளி முறையைத் தாய்வழியில் எண்ணுகிறார்கள்.

மரவேலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? ஒரு காக்கைக் குலத்தார் தங்கள் மூத்தவரின் நினைவாகக் கம்பம் நட நினைத்தால் அதைத் தாங்களே செதுக்கிக்கொள்ள முடியாது. எதிர்ப்பிரிவுக்காரர்தான் செய்ய வேண்டும். சாவு வீட்டு வேலைகள், வீடு கட்டுவது, கம்பம் நடுவது எல்லாமே அப்படித்தான். வேலை முடிந்ததும், சமயத்தில் பல ஆண்டுகள் கழித்து, ஊரைக் கூட்டி விருந்து வைத்து, செய்தவர்களுக்கும் வந்தவர்களுக்கும் பொருளாக அள்ளிக் கொடுப்பார்கள். அந்த விருந்தின் பெயர் கூஈக். வெளியில் பொட்லாட்ச் என்ற பெயரில் பிரபலம். அங்கே கூடி உண்டு, கூலி வாங்கிக்கொண்டவர்களே சாட்சி. அந்தச் சாட்சி இல்லாமல் கம்பம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது வெறும் மரம்.

அப்படிச் சாட்சியோடு குலத்துக்குச் சேர்ந்த பொருளை அட்டூவ் என்கிறார்கள். தொப்பி, முகமூடி, வீட்டுத்தூண் மட்டும் இல்லை, ஒரு பாட்டு, ஒரு பெயர், ஒரு மலை, ஒரு கதைகூட அட்டூவ் ஆகலாம். கரடியையோ சுறாவையோ குலச்சின்னமாகச் செதுக்க உரிமை வேண்டும். அந்த உரிமை முன்னோர் யாரோ அந்த விலங்கோடு பட்ட பாட்டால், பல நேரம் உயிரைக் கொடுத்து, வாங்கியது. தனியாளுக்கு இதில் பாத்தியதை கிடையாது. குலத்தின் தலைவரே ஆனாலும் பாதுகாவலர்தான், விற்க அவருக்கு உரிமை இல்லை. கிறிஸ்தவப் பாதிரிகள் நினைத்ததுபோல யாரும் கம்பத்தைக் கும்பிட்டதும் இல்லை. சொத்துப் பத்திரம், குடும்ப வரலாறு, கல்லறை மூன்றும் ஒரே மரத்தில். பழைய நாட்களில் எரித்தவரின் சாம்பலைக் கம்பத்தின் முதுகில் குடைந்த குழியில் வைப்பதும் உண்டு.

சரி, வேலைக்கு வருவோம். எனக்கு இதில்தான் ருசி அதிகம்.

பெரிய கம்பத்துக்கும் படகுக்கும் ஏற்றது சிவப்பு சீடர். நேரான ரேகை, லேசில் இற்றுப்போகாது, ஆப்பு வைத்து அடித்தால் பலகையாகப் பிளக்கும். ஆனால் டிலிங்கிட் நாட்டின் வடபாதியில் இந்த மரம் வளராது. அதனால் தெற்கே வெளியில் நிற்கும் கம்பங்கள் அதிகம். வடக்கே கலைத்திறன் முழுவதும் வீட்டுக்குள் போய்விட்டது. கூரையைத் தாங்கும் செதுக்கிய தூண்கள், தலைவரின் அறையை மறைக்கும் வண்ணத் தடுப்புச் சுவர்கள். வடக்கத்திக்காரர்கள் படகுக்கு சிட்கா ஸ்ப்ரூஸ் மரத்தைக் குடைந்தார்கள், இல்லையென்றால் தெற்கே ஹைடா மக்களிடம் சீடர் படகு வாங்கினார்கள். கிண்ணம், கரண்டி, முகமூடிக்கு ஆல்டர். அது மென்மையானது, சாப்பாட்டில் வாசனை ஏற்றாது.

கருவி என்றால் முக்கியமாக வாய்ச்சியும் வளைந்த கத்தியும்தான். வாய்ச்சியின் கைப்பிடியை ஒவ்வொரு செதுக்குநரும் தன் கைக்குத் தக்கபடி தானே செய்துகொள்கிறார். கிளை பிரியும் இடத்தில் மரத்தை வெட்டினால் வளைவு இயற்கையாகவே கிடைக்கும். ஐரோப்பியர் வருமுன்பே அவர்களிடம் கொஞ்சம் இரும்பு இருந்தது, கடலில் மிதந்து வந்த உடைந்த கப்பல் துண்டுகளின் ஆணிகளிலிருந்து எடுத்தது. சாக்ஸ்மன் கிராமத்துச் செதுக்கும் கொட்டகையில் ஒருவர் வாய்ச்சி போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரே சீரான தாளம். சிம்பு ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரே அளவில் தெறிக்கிறது. மரத்தின் மேல் மீன் செதில் போல வரிசையாகத் தடம் விழுகிறது. அந்தத் தடத்தைத் தேய்த்து வழவழப்பாக்குவதில்லை. அதைப் பார்த்தே கை எவ்வளவு தேர்ந்தது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள்.

வண்ணம் தீட்டும் முறை இன்னும் வேடிக்கை. சால்மன் மீனின் முட்டையை சீடர் பட்டையோடு சேர்த்து வாயில் போட்டு மென்று, எச்சிலோடு துப்பி, அதில் பொடியைக் குழைப்பார்கள். முட்டையின் எண்ணெய்ப் பசை வண்ணத்தைப் பிடித்துக்கொள்ளும். கறுப்புக்குக் கரி, சிவப்புக்குக் காவிக்கல், நீலப்பச்சைக்கு ஒரு தாதுமண். கடல் நீர்நாயின் தோலை வாங்கிச் சீனாவில் விற்கும் கப்பல்கள் வர ஆரம்பித்ததும் சீனத்துச் சாதிலிங்கமும் வந்தது, அதன் பிறகு சிவப்பு பளிச்சென்று ஆகிவிட்டது. அருங்காட்சியகத்தில் இருநூறு ஆண்டு பழைய முகமூடியில் சிவப்பு கண்ணைப் பறித்தால் அது கான்டன் துறைமுகம் வழியாக வந்த சிவப்பாக இருக்கலாம். ‘தூய பழங்குடிக் கலை’ என்று தேடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இந்தக் கலைக்கு ஓர் இலக்கணம் இருக்கிறது. முதலில் கறுப்பில் ஒரு கோடு. தடித்து, மெலிந்து, மறுபடி தடித்து, எங்கும் அறுபடாமல் உருவம் முழுவதையும் சுற்றி ஓடும். அடுத்தபடியாகச் சிவப்பு, மிச்சத்தில் நீலப்பச்சை. கண், மூட்டு, வாலின் அடி என்று வரும் இடங்களிலெல்லாம் முட்டை வட்டமும் செவ்வகமும் கலந்த ஒரு வடிவம். மேல் விளிம்பு நன்றாக வளைந்திருக்கும், கீழ் விளிம்பு லேசாக உள்வாங்கியிருக்கும். இறகுக்கும் துடுப்புக்கும் ஆங்கில யூ எழுத்து மாதிரி ஒன்று. இவ்வளவுதான் எழுத்துகள். இவற்றை வைத்து எந்த விலங்கையும் எந்தப் பரப்பிலும் நிரப்பலாம். உடலைப் பிளந்து இருபுறமும் விரித்துக்கூட வரைவார்கள். இரண்டு பெரிய முன்பல்லும் கட்டம் போட்ட வாலும் இருந்தால் நீர்நாயைப் போன்ற பீவர். உயரமான முதுகுத் துடுப்பு என்றால் கொலைத்திமிங்கிலம். நேரான அலகு காக்கைக்கு, கொக்கி அலகு கழுகுக்கு. ஒரு மதியம் முழுக்க இதை வைத்துக் கண்டுபிடிக்க முயன்றால், சாயங்காலத்துக்குள் பாதிக் கம்பங்கள் பிடிபட்டுவிடும். இந்த இலக்கணத்தை அலகு அலகாகப் பிரித்து, பெயர் வைத்து, 1965இல் வெளியிட்டவர் பில் ஹோம் என்ற சியாட்டல் ஆய்வாளர். பூர்வகுடி அல்லாதவர். இன்று டிலிங்கிட் இளைஞர்கள் வகுப்பில் கற்பது அவர் வைத்த பெயர்களைத்தான். இதில் சிலருக்கு உறுத்தல் இருக்கலாம், ஆனால் பயன்பட்டது உண்மை.

பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. நான்கு பக்கமும் ஒரே பலகை. மூன்று இடத்தில் காடி வெட்டி, ஆவியில் வேகவைத்து மடித்து, நான்காவது மூலையை மட்டும் ஆப்பு அடித்தோ கோத்தோ மூடுவார்கள். தண்ணீர் ஒழுகாது. அதில் நீர் ஊற்றிச் சூடான கற்களைப் போட்டுச் சமைப்பார்கள். காக்கை வெளிச்சத்தைத் திருடிய கதையும் பெட்டியைச் சுற்றித்தான். நாஸ் ஆற்றின் தலைமாட்டில் ஒரு கிழவர் நட்சத்திரம், நிலவு, பகல் மூன்றையும் பெட்டிகளில் பூட்டி வைத்திருக்கிறார். காக்கை ஓர் ஊசியிலையாகி, கிழவரின் மகள் குடிக்கும் நீரில் விழுந்து, அவள் வயிற்றில் பிள்ளையாகப் பிறந்து, தாத்தாவிடம் அழுது அடம்பிடித்து ஒவ்வொரு பெட்டியாக வாங்கித் திறந்துவிடுகிறது. பேரனுக்கு இல்லையென்று எந்தத் தாத்தாதான் சொல்வார்?

இந்த உலகத்தின் மேல் இடி விழுந்தது 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில். அம்மை நோய், டப்பாமீன் தொழிற்சாலைகள், மிஷன் பள்ளிகள் எல்லாம் சேர்ந்து வந்தன. 1867இல் ரஷ்யா 72 லட்சம் டாலருக்கு அலாஸ்காவை அமெரிக்காவுக்கு விற்றது. நிலம் தங்களுடையது என்று இருந்த டிலிங்கிட்களை யாரும் கேட்கவில்லை. 1882 அக்டோபரில் ஆங்கூன் கிராமத்தை அமெரிக்கக் கடற்படை குண்டு வீசி அழித்தது. திமிங்கில வேட்டைப் படகு ஒன்றில் வெடி வெடித்து ஒரு டிலிங்கிட் வைத்தியர் இறந்துபோக, ஊர் அவர்கள் வழக்கப்படி 200 கம்பளி இழப்பீடு கேட்டது. பதிலுக்கு வந்தது கடற்படை. வீடுகளும் குளிர்காலத்துக்குச் சேமித்த உணவும் எரிந்தன, படகுகளை உடைத்தார்கள். ஒரே ஒரு படகு தப்பியது, அதை வைத்துத்தான் ஊர் அந்தக் குளிர்காலத்தைக் கடந்தது. முகப்பில் பீவர் உருவம் செதுக்கிய படகு அது. அந்த முகப்புச் சிற்பம் பிறகு காணாமல் போய், 1999இல் நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் கிடங்கில், அங்கே போன டிலிங்கிட் பெரியவர்கள் கண்ணிலேயே பட்டது. பிறகு ஆங்கூனுக்குத் திரும்பி வந்தது.

ஷெல்டன் ஜாக்சன் என்ற பாதிரி மனிதர்களைப் ‘பழைய வழக்கத்திலிருந்து’ மீட்பதையும் அந்தப் பழைய வழக்கத்தின் பொருட்களைச் சேகரிப்பதையும் ஒரே நேரத்தில் செய்தவர். அலாஸ்காவின் சிட்கா நகரில் அவர் பெயரில் உள்ள அருங்காட்சியகம் இன்றும் இருக்கிறது, அருமையான தொகுப்பு. ஆளுநர் ஜான் பிரேடி பல ஊர்களிலிருந்து கம்பங்களைத் திரட்டி 1904இல் செயின்ட் லூயிஸ் கண்காட்சிக்குக் கொண்டுபோனார். அதே ஆண்டு சிட்காவில் நடந்த பெரிய விருந்துக்கு ‘கடைசி பொட்லாட்ச்’ என்று பெயர் வைத்தார்கள். கடைசி என்றது அதிகாரிகளின் ஆசை.

எனக்கு மிகவும் சிக்கலானவராகத் தெரிபவர் லூயி ஷாட்ரிஜ். க்ளுக்வான் கிராமத்து டிலிங்கிட், 1912 முதல் 1932 வரை பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்காகத் தன் மக்களின் பொருட்களையே வாங்கிச் சேர்த்தவர். எல்லாம் அழிந்துபோகும் முன் உலகம் பார்க்கட்டும் என்பது அவர் வாதம். க்ளுக்வானில் ‘திமிங்கில வீடு’ என்று ஒன்று உண்டு. அதன் நான்கு தூண்களையும் ‘மழைச் சுவர்’ என்ற வண்ணத் தடுப்பையும் இந்தக் கலையின் உச்சம் என்று பலர் சொல்வார்கள். தெற்கே ரேங்கல் பக்கத்திலிருந்து ஒரு பெரிய செதுக்குநரை அழைத்துவந்து செய்தது. கூலியாகக் கொடுத்தவற்றில் அடிமைகளும் உண்டு என்பது மரபுச் செய்தி. அந்தச் சமூகத்தில் அடிமைமுறை இருந்தது, அழகைப் பேசும்போது அதையும் விட்டுவிடக் கூடாது.

ஷாட்ரிஜின் தந்தை அந்த வீட்டின் தலைவர். தந்தைக்குப் பின் மகனுக்குத்தானே என்று ஷாட்ரிஜ் அமெரிக்கச் சட்டத்தின் கணக்கைப் போட்டார். ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் தாயின் குலம், அதாவது எதிர்ப்பிரிவு. அப்பாவின் வீட்டுப் பொருள் அப்பாவின் மருமகனுக்குப் போகும். பெரிய தொகை பேசியும் நடக்கவில்லை.

அவருக்கு முடியாததை 1984இல் ஒரு வியாபாரி முடித்தார். வீட்டைச் சேர்ந்த சிலரே விற்கச் சம்மதித்தார்கள், பொருட்கள் சியாட்டல் கிடங்குக்குப் போய்விட்டன. ஊர்ப் பொருள் எதுவும் மன்ற அனுமதியின்றி வெளியே போகக் கூடாது என்று க்ளுக்வான் 1976இலேயே ஒரு விதி போட்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு வழக்கு போட்டார்கள். கூட்டரசு நீதிமன்றம் வரை போய், கடைசியில் கிராமத்தின் பழங்குடி நீதிமன்றமே 1993இல் விசாரித்துத் தீர்ப்புச் சொன்னது. விற்றவர்கள் உரிமையாளர்கள் அல்ல, குலத்தின் சொத்தைக் குலத்தான் ஒருவன் விற்றாலும் விற்பனை செல்லாது. 1994இல் தூண்களும் சுவரும் ஊர் திரும்பின. தாய்வழி உரிமையைப் பற்றிய பழைய பேச்சு அமெரிக்க வழக்கறிஞர்கள் முன்னால் சட்டமாக நின்ற நாள் என்று இதைச் சொல்லலாம். 1990இல் நாடு முழுவதற்கும் வந்த திருப்பிக்கொடுத்தல் சட்டமும், கூட்டரசுப் பணம் பெறும் அருங்காட்சியகங்களிடம் ஏறக்குறைய இதே கேள்வியைத்தான் கேட்கிறது. இந்தப் பொருளைக் கொடுத்தவருக்குக் கொடுக்க உரிமை இருந்ததா?

1899லேயே ஹாரிமன் என்ற ரயில் முதலாளியின் ஆய்வுக் கப்பல் கேப் ஃபாக்ஸ் கிராமத்திலிருந்து கம்பங்களை எடுத்துப் போயிருந்தது. அவை 2001இல் பல அருங்காட்சியகங்களிலிருந்து திரும்பின. ஹார்வர்டின் பீபடி அருங்காட்சியகம் தன்னிடமிருந்ததைத் திருப்பிக் கொடுத்தபோது, அந்த ஊரார் பதிலுக்கு ஒரு சீடர் மரத்தைக் கொடுத்தார்கள். எடுத்துப்போனவன் திருப்பித் தந்ததற்குக் கூலி! வாங்கினால் கொடுக்க வேண்டும் என்பதில் அவர்கள் அவ்வளவு கறார். அந்த மரத்தில் புதுக் கம்பம் செதுக்கியவர் நேத்தன் ஜாக்சன்.

ஜாக்சன் 1938இல் பிறந்தவர். ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து மீன்பிடித் தொழிலில் இருந்தபோது நிமோனியா வந்து படுத்தார். படுக்கையில் பொழுது போகாமல் சின்னச் சின்னக் கம்பங்களைச் செதுக்க ஆரம்பித்ததுதான் தொடக்கம். ஐம்பதுக்கும் மேற்பட்ட கம்பங்கள் செதுக்கியிருக்கிறார், 1995இல் நாட்டின் மரபுக்கலை விருதும் பெற்றார். அவர் தலைமுறைக்கு ஆசான்கள் குறைவு. மிஷன் பள்ளிகள் சங்கிலியை அறுத்துவிட்டிருந்தன. 1938 முதல் அரசின் வனத்துறை வேலைவாய்ப்புத் திட்டத்தில் பழைய கம்பங்களைச் சீர்செய்து நகலெடுத்த கிழவர்கள்தான் நடுவில் ஒரு பாலமாக இருந்தார்கள். அந்தத் திட்டத்தை நான் முழுமனதோடு பாராட்ட மாட்டேன். கம்பங்களை அவற்றின் கிராமங்களிலிருந்து பிடுங்கிச் சாலையோரப் பூங்காக்களில் நட்டது சுற்றுலாக்காரர்களுக்காக. ஆனால் அந்தக் கூலி வேலை இல்லையென்றால் வாய்ச்சி பிடிக்கும் கைகளே மிஞ்சியிருக்காது என்பதும் நிஜம்.

எதிர்ப்பிரிவு விதி இன்றும் செத்துவிடவில்லை. 1804இல் ரஷ்யர்களோடு நடந்த சிட்கா போரின் நினைவாக, காக்கைப் பிரிவின் கிக்ஸாடி குலம் 1999இல் ஒரு கம்பம் நட்டது. செதுக்கிய டாமி ஜோசப் கழுகுப் பிரிவுக்காரர்.

இனி இன்றைய கலைஞர்கள். பிரெஸ்டன் சிங்கிள்டெரி காக்கையையும் பெட்டியையும் கண்ணாடியில் ஊதுகிறார். மரத்தில் வாய்ச்சி செய்ததை இவருடைய கண்ணாடியில் மணல் வீச்சு செய்கிறது. கோடு ஓடும் இலக்கணம் அப்படியே இருப்பதால் பார்த்தவுடன் டிலிங்கிட் என்று தெரிகிறது. ஆலிசன் பிரெம்னர் கம்பம் செதுக்கி நட்ட முதல் டிலிங்கிட் பெண் என்று சொல்லப்படுகிறவர். சிட்காவின் நிக்கலஸ் கலானின் மரபான வேலையும் செய்வார், அதைக் கேலி செய்யும் வேலையும் செய்வார். டிலிங்கிட் பாணியில் இந்தோனேசியாவில் செதுக்கி இறக்குமதியான முகமூடிகளை வாங்கி, அவற்றின் மேல் பூப்போட்ட சுவர்க்காகிதத்தை ஒட்டிக் காட்சிக்கு வைத்தார். எனக்கு இவர்தான் பிடித்தமானவர். மரபைக் காப்பது என்றாலே பயபக்தியோடு தலையாட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இவர் இடம் கொடுப்பதில்லை.

அந்த முகமூடிகள் கற்பனைப் பிரச்சினை இல்லை. அலாஸ்காவின் தலைநகரான ஜூனோவில் ஆண்டுக்கு 16 லட்சம் பேருக்கு மேல் உல்லாசக் கப்பலில் வந்து இறங்குகிறார்கள். எல்லாருக்கும் கையில் எடுத்துப்போக ஒரு கம்பம் வேண்டும். பூர்வகுடி அல்லாதவர் செய்ததைப் பூர்வகுடிக் கலை என்று விற்பது அதே 1990இல் வந்த இன்னொரு சட்டப்படி குற்றம், முதல் தடவைக்கே 5 ஆண்டு வரை சிறையும் 2,50,000 டாலர் வரை அபராதமும் உண்டு. ஆனாலும் பிலிப்பைன்சில் மொத்தமாகச் செதுக்கி வாங்கி, அலாஸ்காவின் கெட்சிகன் ஊர்க் கடையில் உள்ளூர்க் கலை என்று விற்ற வழக்கில் 2023இல்தான் ஒருவர் சிறைக்குப் போனார். அப்படி ஒரு கடையில் நானும் விலை கேட்டேன். இது எந்தக் குலத்துச் சின்னம் என்று கேட்டதற்கு விற்றவர் மரத்தின் தரத்தைப் பற்றி விலாவாரியாகச் சொன்னார்.

மரமும் சாதாரண விஷயம் இல்லை. கம்பத்துக்கு ஏற்ற சீடர் பல நூறு ஆண்டு வளர்ந்ததாக இருக்க வேண்டும். 1971இன் பூர்வகுடி நில உரிமைச் சட்டத்துக்குப் பின் பூர்வகுடிகளுக்குச் சொந்தமான சீலாஸ்கா நிறுவனமே பல ஆண்டுகள் பழங்காட்டை வெட்டி விற்றது. 2021இல்தான் வெட்டுவதை நிறுத்துவதாக அறிவித்தது. மரபைக் காக்கும் பண்பாட்டு நிலையமும் சீலாஸ்கா பெயரில்தான் ஜூனோவில் நடக்கிறது. 2023இல் அது கடலோரமாகப் பன்னிரண்டு கம்பங்களை நட்டு ஒரு பாதையே அமைத்தது. மரம் வெட்டிய பணம், மரம் செதுக்கும் பணம் என்று கறாராகப் பிரித்துப் பார்க்க அங்கே யாராலும் முடியாது.

எனக்கு ரொம்பப் பிடித்த விவகாரம் இரண்டு தொப்பிகள். ஆங்கூனின் கொலைத்திமிங்கிலத் தொப்பியை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் 2005இல் குலத்திடம் ஒப்படைத்தது. அப்புறம் குலத்தின் சம்மதத்தோடு அதை முப்பரிமாணத்தில் வருடி (ஸ்கேன் செய்து), இயந்திரத்தால் மரத்தில் கடைந்து, ஒரு நகலைத் தனக்கு வைத்துக்கொண்டது. அந்த நகலை அணிந்து ஆடியிருக்கிறார்கள், ஆனாலும் அது அட்டூவ் இல்லை. கிக்ஸாடி குலத்தின் ஒரு மீன் தொப்பி கதை வேறு. 1884இல் ஸ்மித்சோனியனுக்குப் போன அது உடைந்து அணிய முடியாத நிலையில் இருந்தது. குலமே கேட்டு, அதே முறையில் வருடி, உடைந்ததைக் கணினியில் ஒட்டி, ஆல்டர் மரத்தில் கடைந்து புதிதாகச் செய்தார்கள். 2019இல் ஜூனோவில் சடங்கு நடத்தி அந்தப் புதுத் தொப்பியைக் குலப்பொருளாக ஏற்றுக்கொண்டார்கள். இரண்டையும் கடைந்தது இயந்திரம்தான். ஒன்று நல்ல நகல், இன்னொன்று முன்னோரின் தொப்பி. கையால் செய்தால்தான் மரபு என்று நினைத்துக்கொண்டிருந்த என்னை இது கொஞ்சம் ஆட்டிவிட்டது.

ஆங்கூனுக்கும் ஒரு படகு வந்தது. வேன் பிரைஸ் என்ற மூத்த செதுக்குநரோடு சேர்ந்து பள்ளி மாணவர்கள் குடைந்து, 2023இல் கடலில் இறக்கினார்கள். 1882க்குப் பிறகு அந்த ஊரில் செய்த முதல் குடைபடகு அது. அடுத்த ஆண்டு, 2024 அக்டோபர் 26 அன்று, கடற்படை ஆங்கூனுக்கு வந்து முறைப்படி மன்னிப்புக் கேட்டது.

ஆனால் எல்லாக் கணக்கும் தீர்ந்துவிடவில்லை. சாக்ஸ்மனில் ஒரு கம்பத்தின் உச்சியில் ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்திருக்கிறார், மூக்கும் காதும் சிவப்பு. அலாஸ்காவை வாங்க ஒப்பந்தம் போட்ட வில்லியம் சீவர்ட். 1869இல் டாங்காஸ் கிராமத்துக்கு வந்தபோது ஊர்த் தலைவர் விருந்து வைத்துப் பரிசுகள் கொடுத்து மரியாதை செய்தார். சீவர்ட் வாங்கிக்கொண்டு போனதோடு சரி, பதில் மரியாதை எதுவும் வரவில்லை. அதற்காக நட்ட அவமானக் கம்பம் அது. கடன் தீர்ந்தால் இறக்கிவிடலாம். முதல் கம்பம் இற்றுப்போனபோது 1930களின் கடைசியில் இன்னொன்று செதுக்கினார்கள். அதுவும் இற்றுப்போக, விற்பனையின் நூற்றைம்பதாம் ஆண்டான 2017இல் நேத்தன் ஜாக்சனின் மகன் ஸ்டீபன் ஜாக்சன் மூன்றாவதைச் செதுக்கிக் கொடுத்தார். வழிகாட்டி அந்தக் கதையைச் சொல்லும்போது கப்பலில் வந்த அமெரிக்கர்கள் சத்தமாகச் சிரிப்பார்கள். நான் போன அன்று ஒருவர், இப்போது எவ்வளவு கொடுத்தால் தீரும் என்று பாதி விளையாட்டாகக் கேட்டார். அதைச் சீவர்டின் ஆட்கள் வந்து கேட்கட்டும் என்றார் வழிகாட்டி, அடுத்த கம்பத்துக்கு நடந்துகொண்டே.